தேயிலைக்குத் தரம் இருக்கிறது, தேயிலை செய்கிறவருக்கு எங்கே?



காலையில் கிள்ளிய கொழுந்து பின்னேரம் ஸ்டோருக்குள் போகிறது. மறுநாள் அதே கொழுந்து பி.ஓ.பி. என்றும் பி.ஓ.பி.எப். என்றும் டஸ்ட் என்றும் பெயர் எடுத்து, தரம் எடுத்து, விலை எடுத்து வெளியே வருகிறது. ஒரே நாளில் இலைக்கு இவ்வளவு மாற்றம். அதே ஸ்டோருக்குள் இருபது வயதில் நுழைகிற நம் ஆள் ஓய்வு பெறும் வயதில் என்னவாக வெளியே வருகிறார்? போனபோது 'ஆள்', வரும்போதும் 'ஆள்'. செக்ரோலில் அதே வரி, அதே நாட்பேர்.

நாட்சம்பளத்துக்காக எத்தனையோ தடவை வேலைநிறுத்தம் செய்திருக்கிறோம். கொழுந்து நிறுவைக்காகத் துரையோடு வாதாடியிருக்கிறோம். லயத்துக் கூரைத் தகரத்துக்காக ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். எல்லாம் நியாயமான போராட்டங்கள். ஆனால் "ஸ்டோரில் முப்பது வருசம் வேலை செய்தவர் ஏன் பெக்டரி ஆபிசர் ஆக முடியாது?" என்று ஒரு தடவையாவது மேசையில் வைத்துக் கேட்டிருக்கிறோமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக எழுதப்படுகிறது.

அறிவு யாரிடம் இருக்கிறது?

ஸ்டோர் வேலை என்றால் ஏதோ மூட்டை தூக்குகிற வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கொழுந்து வாட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு மணித்தியாலமும் ஆகும், பதினெட்டு மணித்தியாலமும் ஆகும். எங்கள் ரிவர்ஸ்டன் பக்கம் நக்கிள்ஸ் மலையிலிருந்து மூடுபனியும் காற்றும் மாறி மாறி அடிக்கிற நாட்களில் நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. வாடிய இலையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விட்டுப் பார்ப்பார்கள். உருண்டை பிரியாமல் நின்றால் வாட்டம் சரி. அரைத்த இலை செம்பு நிறத்துக்குத் திரும்புகிற நேரத்தைக் கண்ணும் மூக்கும்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, கொஞ்சம் பிந்தினால் சாயம் செத்துவிடும். டிரையரிலிருந்து வெளியே வரும்போது தேயிலையில் ஏறக்குறைய மூன்று வீத ஈரம்தான் இருக்கலாம். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு இரவில் டிரையர் கருகவிட்டால் எத்தனை பேர் மலையில் எடுத்த கொழுந்து வீணாகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இத்தனையையும் கையில் வைத்திருப்பவர் யார்? வாட்டுகிற மாடியில் நிற்கிறவர், ரோலரில் நிற்கிறவர், அடுப்புக்கு விறகு போடுகிறவர், சலிக்கிற அக்கா. கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் வேறொருவர். ரோதை முனிக்குப் படையல் வைத்துக் கும்பிடுகிறவர்கள் நாம். ஆனால் ரோதையை நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை.

ஏணி இல்லாமல் கட்டிய வீடு

இது தற்செயலாக வந்தது இல்லை. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1872இல் அங்கே தேயிலை செய்யும் ஸ்டோர் வந்தது. அதற்கு முன்பே கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து, வழியில் செத்தவர்கள் போக மிச்சம் பேர் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த நாளிலேயே தோட்டத்தை மூன்று தட்டாகக் கட்டினார்கள். மேலே துரை. நடுவில் டீமேக்கர், கணக்கப்பிள்ளை, கிளாக்கர் என்று லயத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த உத்தியோகத்தர்கள். கீழே ஆள். ஆளுக்கு இருந்த ஒரே படி கங்காணி. அந்தக் கங்காணியும் கடனையும் துண்டையும் காட்டி நம்மைக் கட்டிப்போட வைத்த ஆளாகவே இருந்தார். 1921இல் துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். தட்டு முறையை எந்தச் சட்டமும் தொடவில்லை.

1948இல் குடியுரிமை போனது. வாக்கில்லாதவனுக்குத் தோட்டத்துக்கு வெளியே அரசாங்க வேலை இல்லை, உள்ளே உத்தியோகம் இல்லை. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் நிர்வாகம் போனது. 2003இல் குடியுரிமை வழங்கும் சட்டமும் வந்தது. துரை மாறினார், கம்பனி மாறியது, அரசாங்கம் மாறியது. ஸ்டோருக்குள் மூன்று தட்டு அப்படியே நிற்கிறது.

நம் பிள்ளைகளில் ஒருவர்கூட மேலே போகவில்லை என்று சொல்ல வரவில்லை. வெளிக்கள உத்தியோகத்தராக, கிளாக்கராக, ஏன் டீமேக்கராகவும் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நல்ல துரை இருந்தார், ஒரு தலைவர் சொல்லிவிட்டார், மாமா ஆபீசில் இருந்தார் என்றுதான் கதை தொடங்கும். ஒருவருடைய தயவில் ஏறுவது ஏணி ஆகாது. தயவு போனால் கயிறும் போகும்.

எங்கள் பக்கத்தில் நடந்தது

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறுகிற பாதையில் உள்ள ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், ஏனென்றால் இது எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். அங்கே ஒரு அண்ணன் இருபத்து நாலு வருசமாக டிரையரில் நிற்கிறார். உதவி பெக்டரி ஆபிசர் இடம் காலியானது. பிரட்டுக்களத்தில் ஒரு அறிவித்தலும் இல்லை. ஒரு நாள் வெளியிலிருந்து ஒரு தம்பி நியமனக் கடிதத்தோடு வந்து இறங்கினார். நல்ல பிள்ளைதான், அவர்மேல் கோபமில்லை. அவருக்கு மூன்று மாதம் வேலை பழக்கிக்கொடுத்தவர் இந்த அண்ணன். பிறகு ஒரு இரவு ஒரு அடுப்புத் தேயிலை கருகியது. எச்சரிக்கைக் கடிதம் யாருக்கு வந்தது தெரியுமா? பழக்கிக்கொடுத்தவருக்கு. பொறுப்பு என்று வரும்போது அவர் அனுபவசாலி, பதவி என்று வரும்போது அவர் ஆள்!

அதே தோட்டத்துப் பிள்ளை ஒன்று எங்கள் பாடசாலையில் படித்து உயர்தரம் சித்தியடைந்தாள். ஸ்டோரில் பயிற்சிக்கு இடம் கேட்டுப் போனவளிடம், "பொம்பளப் பிள்ளைக்கு ஸ்டோர்ல சலிக்கிற வேலைதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் கட்டுநாயக்கவுக்குப் போய்விட்டாள். கார்மெண்டில் மெஷின் ஒப்பரேட்டராகச் சேர்ந்து, லைன் லீடராகி, ஐந்தாவது வருசம் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். கார்மெண்டைச் சொர்க்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கேயும் டார்கெட் இருக்கிறது, வசவு இருக்கிறது, ஒரு அறையில் ஆறு பேர் படுக்கை இருக்கிறது. ஆனால் சுவரில் ஏணி தெரிகிறது. ஒப்பரேட்டருக்கு மேலே என்ன, அதற்கு மேலே என்ன என்று சேர்ந்த அன்றே தெரியும். வாலிபர்கள் தோட்டத்தை விட்டு ஓடுகிறார்கள் என்று கம்பனிகள் அழுகின்றன. ஏணி இல்லாத இடத்தில் எந்த வாலிபன் நிற்பான்?

இது வெறும் கௌரவப் பிரச்சினையா?

வகுப்பில் போடுகிற மாதிரி ஒரு கணக்குப் போடுவோம். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணிக்கொடை, ஒரு வருசச் சேவைக்குப் பதினான்கு நாள் சம்பளம். முப்பது வருசத்துக்கு 420 நாள். 5,67,000 ரூபா. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வருசச் சேவைக்கு அரை மாதச் சம்பளம். கணக்குக்காகக் கடைசிச் சம்பளம் 60,000 ரூபா என்று வையுங்கள். முப்பது வருசத்துக்கு 9,00,000 ரூபா. வித்தியாசம் 3,33,000. ஊழியர் சேமலாப நிதியும் சம்பளத்தில்தான் வீதம் போடப்படுகிறது, ஆகவே அதிலும் மாதாமாதம் வித்தியாசம் விழுகிறது. மழை பெய்தால் பேர் விழுமா என்ற பயம் மாதச் சம்பளக்காரருக்கு இல்லை. லயக் காம்பராவுக்குப் பதிலாகக் குவார்ட்டர்ஸ். மேலே போகாமல் கிடப்பதன் விலையைக் கிழவயது வரைக்கும் கட்டுகிறோம்.

சொல்லுகிற சாக்குகள்

முதலாவது சாக்கு, "தகைமை இல்லை." இந்த நாட்டில் என்.வி.கியூ. என்று தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களில் இருக்கிறது. செய்து பழகிய தொழிலைச் சோதித்துப் பார்த்து, வகுப்பில் உட்காராமலே சான்றிதழ் கொடுக்கிற வழியும் அதில் இருக்கிறது. முன்னர் கற்றதை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். நைட்டா அந்த மதிப்பீட்டைச் செய்கிறது. மேசனும் எலெக்ட்ரீசியனும் அந்த வழியில் சான்றிதழ் எடுக்கிறார்கள். அத்துருகிரியவில் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டானது. பெருந்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைப் பயிற்றுவதற்கே அது இருக்கிறது. தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. தகைமை இல்லை என்று சொல்கிற கம்பனி, ஸ்டோர் ஆட்களில் எத்தனை பேரை இந்த இடங்களுக்கு அனுப்பியது? அனுப்பாமல் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வது, தண்ணீர் ஊற்றாமல் வைத்துக்கொண்டு கன்று வளரவில்லை என்பது போல.

இரண்டாவது, "சொந்த ஆட்கள் சொன்னால் சொந்த ஆட்கள் கேட்க மாட்டார்கள்." இதற்குப் பதில் தோட்டப் பாடசாலைகளில் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டப் பாடசாலை என்றால் ஒரு அறை, ஒரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு அவற்றை எடுத்தது. லயத்துப் பிள்ளைகளையே ஆசிரியர்களாகச் சேர்த்து, வேலை பார்க்கும்போதே பயிற்சி கொடுத்தார்கள். கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. இன்றைக்கு அதிபர்களும் கல்விப் பணிப்பாளர்களும் லயத்திலிருந்து வந்தவர்களாக இருக்கிறார்கள். அவர்கள் சொன்னால் யாரும் கேட்கவில்லையா? கதவு திறந்தது, பிள்ளைகள் உள்ளே போனார்கள், அவ்வளவுதான்.

அதே பாடசாலையில் இன்னொரு பாடமும் உண்டு. பின்னால் ஆசிரிய உதவியாளர் என்று ஆயிரக்கணக்கில் எடுத்தபோது, முழு வகுப்பையும் ஒப்படைத்துவிட்டு மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் தொடங்கினார்கள். ஆகவே பெயரை உயர்த்திச் சம்பளத்தை உயர்த்தாத 'பதவி'யை ஸ்டோரிலும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, "தேயிலை இரவில் செய்கிறது, பெண்களால் இரவில் நிற்க முடியாது." பெண்களின் இரவு வேலைக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1984இல் திருத்தம் வந்தது. தொழில் ஆணையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். கட்டாயப்படுத்தக் கூடாது. பகலில் வேலை செய்தவரை இரவு பத்து மணிக்குப் பிறகு வைத்திருக்கக் கூடாது. குறைந்தது ஒன்றரை மடங்கு சம்பளம், பெண் காப்பாளர், ஓய்வறை, மாதத்தில் பத்து இரவுக்கு மேல் கூடாது. சட்டம் பெண்ணைத் தடுக்கவில்லை, பாதுகாப்போடு விடு என்கிறது. தடுப்பது ஓய்வறை கட்டுகிற செலவு. அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பெண்ணின் மேல் அக்கறை காட்டுகிறார்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு, மழையில் மலை ஏறும்போது இந்த அக்கறை எங்கே போனது?

நம் பக்கத்துப் பயம்

கம்பனி சொல்கிற சாக்கை விட நம் லயத்தில் பேசுகிற பேச்சுத்தான் எனக்குக் கவலை. "மேலே போனவன் துரை பக்கம் சாய்ந்துவிடுவான்." இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கங்காணிமாரின் பழைய கதை நம் பாட்டன்மார் சொன்ன கதை. ஆனால் அந்தக் கங்காணி ஏன் அப்படி ஆனார்? அவரை ஏற்றியதும் இறக்கியதும் துரை ஒருவர்தான். அவர் யாருக்கு நன்றியாக இருப்பார்? எழுதிய விதியில் ஏறியவருக்கு யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. சங்க அங்கத்துவத்தையும் அவர் விடாமல் வைத்திருந்தால் நம்மோடு நிற்பார்.

இன்னொரு பாடத்தைக் கடலுக்கு அப்பாலிருந்து எடுப்போம். கேரளத்து மூணாறில் 2005இல் டாட்டா தேயிலைத் தோட்டங்கள் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பனியின் கைக்கு வந்தன. தொழிலாளரே பெரும்பங்கு பங்குதாரர் என்றார்கள். 2015 செப்டெம்பரில் அதே தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், போனஸ் 20 வீதம் கேட்டு ஆயிரக்கணக்கில் வீதியில் உட்கார்ந்தார்கள். பெண்பிள்ளை ஒருமை என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர். ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்ட விடவில்லை. கேட்ட 20 வீதத்தையும் எடுத்தார்கள். பங்குப் பத்திரம் கையில் இருந்தும் தீர்மானம் எடுக்கிற கதிரையில் அந்தப் பெண்கள் இல்லை என்பதுதான் அங்கே கொதித்தது.

அந்தக் கதையைக் கேட்டுக் கம்பனியைப் பார்த்து மட்டும் சிரிக்க வேண்டாம். நம் கிளைக் கூட்டத்தைப் பாருங்கள். சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மேசையில் உட்காருகிறவர்கள் யார்? மாதர் தலைவி என்று ஒருவரை வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றச் சொல்கிறோம். 1930களில் நடேசையரோடு மேடையேறி மீனாட்சி அம்மாள் தொழிலாளரைத் திரட்டிய மலையகம் இது. ஸ்டோரில் பெண்ணுக்குப் பதவி கேட்கிற சங்கம் முதலில் தன் மேசையில் பெண்ணுக்குக் கதிரை போட வேண்டும்.

நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள்

1. ஸ்டோரில் இடம் காலியானால் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் எழுதி, பிரட்டுக்களத்திலும் ஸ்டோர் வாசலிலும் 21 நாள் ஒட்ட வேண்டும். ஒரு பிரதி தோட்டக் கமிட்டிக்கு வர வேண்டும்.

2. ஸ்டோர் ஆள், இயந்திர இயக்குநர், பிரிவு மேற்பார்வையாளர், உதவி பெக்டரி ஆபிசர், பெக்டரி ஆபிசர் என்று படிகளை எழுத வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எத்தனை வருசம், என்ன சோதனை, என்ன சம்பளம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

3. உள்ளே இருப்பவருக்கு முதல் வாய்ப்பு. தெரிவாகவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

4. ஐந்து வருசம் ஸ்டோரில் வேலை செய்த ஒவ்வொருவரையும் தொழில் தகைமை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். கட்டணமும் அன்றைய நாட்பேரும் கம்பனி பொறுப்பு.

5. பயிற்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. இரவு வேலைச் சட்டத்தில் சொன்ன ஓய்வறையும் காப்பாளரும் முதலில் வர வேண்டும்.

6. பதவி உயர்ந்தவர் சங்கத்தில் இருக்கிற உரிமையை யாரும் தொடக் கூடாது.

இதில் ஆறாவதைத் தவிர மற்ற எதற்கும் கம்பனி "உலகச் சந்தையில் விலை இல்லை" என்று சொல்ல முயலும். அறிவித்தல் ஒட்டுகிற பசைக்கும் உலகச் சந்தைக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன்

கோரிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் அது ஆபீஸ் லாச்சியில் தூங்கும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் ஸ்டோரில் வேலை செய்கிற எல்லோருடைய பெயர், எந்த வேலை, எத்தனை வருசம், எதுவரை படிப்பு என்று எழுதுங்கள். கடைசி ஐந்து நியமனங்களில் எத்தனை பேர் தோட்டத்திலிருந்து, எத்தனை பேர் வெளியிலிருந்து என்றும் எழுதுங்கள். எழுத வராதவர்களுக்கு எழுதிக்கொடுக்க நம் பாடசாலைகளில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்கள் அப்பா அம்மாவுக்கு என்ன தெரியும் என்பதை அந்தப் பிள்ளைகளும் அறிந்துகொள்ளட்டும்.

மாத்தளை மாவட்டத்தில் எல்லாத் தோட்டக் கொப்பிகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மேசையில் விழுகிற நாளில், "உங்களில் தகுதியான ஆள் யார்?" என்று நிர்வாகம் கேட்கட்டும். நாம் பெயர்களை வாசிக்கத் தொடங்குவோம்.